வாசகர் கேள்வி: வாசலில் பரப்பிய பேட்டரிக் கசடு

கேள்வி: எங்கள் வாசல் மழைக்காலத்தில் சேறாகிவிடும். பழைய பேட்டரி உருக்கும் பட்டறையிலிருந்து கறுங்கல் போன்ற கசடை வாங்கிப் பரப்பினோம். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் ஒரு வாரம் ஊறப்போட்டேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. சுண்ணாம்பு தூவினால் போதும் என்கிறார்கள். பக்கத்தில் கிணறும் புளிச்சக்கீரைப் பாத்தியும் உள்ளன. பயமில்லைதானே?
- ஒரு வாசகர், மோல்மேன் (மியான்மர்)

பதில்: பயப்பட வேண்டியதுதான். பேட்டரிக் கசடில் ஈயம் இருக்கும். கரைந்த ஈயத்துக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதைப் போல நூறு மடங்கு இருந்தாலும் வாளித் தண்ணீர் தெளிவாகவே தெரியும்.

முதலில், அது கல்லே அல்ல. சிறு உலைகளில் பேட்டரிப் பசையோடு கரி, சலவைச் சோடா, இரும்புத் தூள் சேர்த்து உருக்குவார்கள். கந்தகத்தை இரும்பும் சோடியமும் பிடித்துக்கொள்ளும். ஈயம் அடியில் இறங்கும். மேலே மிதக்கும் கசடில் அந்தச் சல்பைடுகளும் (கந்தகச் சேர்மங்கள்) பிரியாமல் நின்ற ஈயமும் இருக்கும். சோடா மிகுந்த கசடு ஈரக்காற்றை உறிஞ்சி ஊதி, வெடித்து, பொடியாகிவிடும். ஆண்டுக்கு 4 மீட்டருக்கு மேல் மழை கொட்டும் உங்கள் ஊரில் இதற்கு அதிக நாள் ஆகாது. வெயில் காலத்தில் அந்தப் பொடிதான் காலோடு வீட்டுக்குள் வரும். தவழும் குழந்தை கையிலிருந்து வாய்க்குப் போகும். முழுத் துண்டை ஊறவைத்துப் பார்த்தால் இது தெரியாது. ஆய்வகத்தில் 9.5 மி.மீ.க்குக் கீழே உடைத்து, 20 மடங்கு எடை அசெட்டிக் அமிலக் கரைசலில் 18 மணி நேரம் சுழற்றுவார்கள். லிட்டருக்கு 5 மி.கி. ஈயம் வந்தாலே அமெரிக்க விதிப்படி அபாயக் கழிவு.

சுண்ணாம்பை நம்பாதீர்கள். ஈயம் அமிலத்திலும் கரையும், கடுங்காரத்திலும் கரையும். அமில-கார அளவான pH 8 முதல் 10 வரைதான் ஓரளவு அடங்கும். கைக்கு வந்தபடி சுண்ணாம்பு கொட்டினால் pH 12 தாண்டி, ஈயம் மறுபடி கரையத் தொடங்கும். எலும்புத் தூளின் பாஸ்பேட் ஈயத்தைக் கட்டும், ஆனால் நச்சுப் பொருளான ஆர்சனிக்கை விடுவித்துவிடும். பேட்டரித் தகட்டில் ஆண்டிமனி என்ற நச்சுப் பொருளோடு சிறிது ஆர்சனிக்கும் உண்டு. ஈயம் பெரும்பாலும் மேல்மண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஆண்டிமனியும் ஆர்சனிக்கும் காரநீரில் எளிதாக நகர்ந்து கிணற்றை எட்டக்கூடியவை.

ஆகவே அள்ளி எடுப்பதே வழி, அதுவும் மழை பிடிப்பதற்கு முன். உலர்ந்த நிலையில் பெருக்கவே கூடாது. தண்ணீர் வழிந்தோடாத அளவு தெளித்து, தூசி வடிகட்டும் முகக்கவசமும் கையுறையும் போட்டு, கசடோடு அடியிலுள்ள 2 அங்குல மண்ணையும் மண்வெட்டியால் எடுங்கள். பிளாஸ்டிக் பீப்பாய்களில் பாதி மட்டும் நிரப்புங்கள், எடை தாங்காது. கூரைக்கடியில், காற்றோட்டமான மேடையில் வையுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு. பேட்டரி அமிலம் பட்டால் ஆளைக் கொல்லும் அளவுக்குக் கிளம்பும். புதைக்காதீர்கள், வேறு யாருக்கும் தராதீர்கள். ஈயத்தை மீண்டும் உருக்கி எடுக்கும் முறையான ஆலைக்கே அனுப்புங்கள். வேலை செய்த உடைகளைத் தனியே துவையுங்கள்.

கீரையைப் பறித்து எறிந்துவிடுங்கள். இலையில் தெறித்த மண் கழுவினாலும் முழுதாகப் போகாது. கிணற்று நீரைச் சோதிக்கும்வரை குடிக்க வேண்டாம், கொதிக்கவைப்பதால் உலோகம் போகாது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இப்போதே இரத்தத்தில் ஈய அளவு பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ வந்தால், மருத்துவரிடம் இந்த வாசல் கதையையும் மறக்காமல் சொல்லுங்கள்.