வெயிலில் ஓடுமா ரீஃபர் பெட்டி? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்களுக்கு மூன்று ஏக்கரில் பன்னீர் திராட்சை இருக்கிறது. விலை சரியும் நாளில் பறித்த பழத்தை வைத்திருக்க வழியில்லை. கொச்சியில் பழைய 40 அடி ரீஃபர் கன்டெய்னர் (கப்பலில் சரக்கைக் குளிராகக் கொண்டுபோகும் பெட்டி) ஒன்று விலைக்கு வருகிறது. கூரை முழுக்க சோலார் பேனல் போட்டால் கரன்ட் பில்லே வராது என்கிறார் விற்பவர். நம்பலாமா?
– வாசகர், சுருளிப்பட்டி

பதில்: பெட்டியை வாங்கலாம் தம்பி, அந்தப் பேச்சை நம்பி வாங்காதீர்கள். கொச்சித் துறைமுகத்தில் 18 வருஷம் ரீஃபர்களுக்கு பிளக் மாட்டி, கேஸ் ஏற்றி வேலை பார்த்துவிட்டு இப்போது குமுளியில் இருக்கிறேன். கணக்கைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

40 அடிக் கூரையில் 550 வாட் பேனல் பத்துதான் பிடிக்கும். அது ஐந்தரை கிலோவாட். நல்ல வெயில் நாளில் 22 யூனிட் வரும். நான் மீட்டர் வைத்துப் பார்த்த பழைய பெட்டிகள் நாளுக்கு 80, 90 யூனிட் இழுத்தன. அதை ஈடுகட்ட 20 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். அதற்குக் கூரை போதாது, பக்கத்தில் ஐந்து சென்ட் நிலம் ஒதுக்க வேண்டும். ஆனி, ஆடியில் நம் பக்கம் மேகம் மூடினால் அதுவும் பாதியாகும்.

இரவுக்கு பேட்டரி வாங்கிப் பணத்தைக் கொட்டாதீர்கள். நெடும்பாசேரி விமான நிலையம் 2015 ஆகஸ்டில் 12 மெகாவாட் சோலாரோடு முழுக்க வெயிலுக்கு மாறியது. அங்கேயே பகலில் மிஞ்சுவதை மின்வாரியத்துக்குக் கொடுத்து, இரவில் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். நீங்களும் தனி த்ரீ ஃபேஸ் இணைப்பு வாங்கி, பகலில் சோலார், இரவில் லைன் என்று வையுங்கள். பம்ப்செட் இணைப்பில் மாட்ட வேண்டாம். கப்பலில் 440 வோல்ட்டில் ஓடிய பெட்டி நம் 415 வோல்ட்டிலும் ஓடும்.

இதையெல்லாம் விட முக்கியம் பெட்டியின் உடம்பு. விலை பேசும் முன் ஒரு நோட்டுத் தாளைக் கதவு இடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. அப்புறம் உச்சி வெயிலில் உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லுங்கள் (வெளியே கட்டாயம் ஓர் ஆள் நிற்க வேண்டும்). ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்த வழியாகக் குளிர் போகும்.

பேனலுக்காகக் கூரையில் மட்டும் துளை போடவே போடாதீர்கள். நான் முதலில் அமைத்த பெட்டியில் ஆறு ஸ்குரூ இறக்கினேன். ஒரே மழைக்காலம்தான். உள்கூரையைத் தொட்டால் ஈரம், தட்டினால் மொத்தையான சத்தம். தகட்டுக்கு நடுவில் இருக்கும் ஃபோம் தண்ணீரைக் குடித்துவிட்டது, கம்ப்ரசர் நிற்காமல் ஓடியது. அடுத்தவர் பணம் அது, இன்றும் மனசு வலிக்கிறது. பெட்டியின் பலமெல்லாம் நான்கு மூலை இரும்பில் இருக்கிறது. அவற்றில் சட்டத்தைப் பிடித்து, கூரைக்கும் பேனலுக்கும் இடையில் அரை அடி விடுங்கள். அந்த நிழலே பெட்டியின் சூட்டைக் குறைக்கும். கம்பம் பள்ளத்தாக்கின் ஆடிக் காற்றுக்கு நட்டுகளை நன்றாக இறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. ரீஃபர் குளிர்ந்த பழத்தைக் குளிராகவே வைத்திருக்கும் பெட்டி. மத்தியானம் பறித்த சூட்டோடு அடைத்தால் நடுவில் இருக்கும் கிரேட்டில் குளிர் ஏற ஒரு நாள் கூட ஆகலாம். விடியலில் பறித்து, நிழலில் ஆற வைத்து, ஓட்டை உள்ள கிரேட்டில் அடுக்குங்கள். குளிர்காற்று பெட்டித் தரையில் இருக்கும் வரிப் பள்ளங்களிலிருந்துதான் மேலே வரும், சுவரில் இருக்கும் சிவப்புக் கோட்டைத் தாண்டி அடுக்கக் கூடாது. திராட்சைக்கு 0 டிகிரி போதும்.

கேள்வி: ஓடும் லாரி, கப்பல் கன்டெய்னர்களுக்கும் சோலார் வருமா?
– வாசகர், போடி

பதில்: கப்பலில் பெட்டிக்கு மேல் பெட்டி அடுக்குகிறார்கள், வெயிலே விழாது. கிரேனும் மேல் மூலைகளைப் பிடித்துத்தான் தூக்கும், பேனல் நொறுங்கிவிடும். லாரியில் ரீஃபருக்கு டீசல் ஜெனரேட்டர்தான் ஓடுகிறது. பெட்டி எங்கே இருக்கிறது என்று சொல்லும் டிராக்கருக்கு மட்டும் கதவோரம் உள்ளங்கை அளவு பேனல் ஒட்டுகிறார்கள். அதற்கு அது தாராளம்.