பல் பிடுங்கிய குழி ஆறவில்லையா? தாடைக் கட்டி பற்றி ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: என் தாயாருக்கு வயது 57. முப்பது ஆண்டுகளாக வெற்றிலை பாக்குடன் புகையிலையும் போடுகிறார். மூன்று மாதங்களுக்கு முன்பு வலது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆடத் தொடங்கியது. அப்போதே அந்தப் பக்கத்துக் கீழுதடு மரத்திருப்பதாகச் சொன்னார். அருகில் இருந்த கிளினிக்கில் பல்லைப் பிடுங்கினோம். ஐந்து வாரங்கள் ஆகியும் குழி மூடவில்லை. உள்ளிருந்து சதை வளர்கிறது, தாடையும் சற்று வீங்கியிருக்கிறது, ஆனால் வலி அதிகம் இல்லை. சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். என் சித்தப்பா மகனுக்கும் தாடை வீங்கி, பிறகு அது கேன்சர் இல்லை என்று தெரிந்தது. இதுவும் அப்படி இருக்குமா? இத்தகைய கட்டிகள் எவ்வளவு பேருக்கு வருகின்றன? புதுச்சேரியில் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாக ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா? (ஒரு வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

கடிதத்தை மட்டும் படித்துவிட்டு, இது புற்றுநோய்தான் என்றோ இல்லை என்றோ எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால், காரணமில்லாமல் பல் ஆடியது, உதடு மரத்தது, குழி ஆறாமல் சதை வளர்வது, தாடை வீங்கியது ஆகிய நான்கும், நீண்ட காலம் புகையிலை போட்ட ஒருவரிடம் ஒரே பக்கத்தில் சேர்ந்து வந்திருக்கும்போது, அது புற்றுநோய் இல்லை என்று பரிசோதனையில் தெரியும் வரை, புற்றுநோய் என்றே கருதி விரைந்து செயல்பட வேண்டும். இந்த வாரத்துக்குள் சதைப் பரிசோதனை நடந்தாக வேண்டும்.

இந்த நான்கில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது உதடு மரத்ததுதான். கீழ்த்தாடை எலும்புக்குள்ளே ஒரு நரம்பு ஓடுகிறது. அது முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழே எலும்பிலிருந்து வெளியே வந்து கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருகிறது. பல் பிடுங்கும்போது, குறிப்பாக ஞானப்பல் பிடுங்கும்போது, இந்த நரம்பில் அடிபட்டு உதடு மரத்துப்போவது உண்டு. உங்கள் தாயாருக்கோ பல்லைத் தொடுவதற்கு முன்பே மரத்துவிட்டது. அடிபடாமல், ஊசி போடாமல், உதட்டின் ஒரு பாதி தானாக மரத்தால், எலும்புக்குள் ஏதோ ஒன்று அந்த நரம்பை அழுத்துகிறது அல்லது அரிக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மருத்துவரிடம் போனதும், வேறு எதையும் சொல்வதற்கு முன்பு, "பல் பிடுங்குவதற்கு முன்பே உதடு மரத்திருந்தது" என்ற இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள்.

குழியைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. பல் எடுத்த இடத்தில் எலும்பு நிரம்ப மாதங்கள் ஆகும் என்றாலும், மேலே ஈறு மூன்று, நான்கு வாரங்களில் மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்குப் பல் எடுத்த இரண்டு, மூன்று நாட்களில் குழியில் இரத்தக்கட்டி கரைந்து, எலும்பு வெறுமையாகத் தெரிந்து, காது வரை கடும் வலி எடுக்கும்; அது சீழ்ப்புண்ணும் அல்ல, கட்டியும் அல்ல, மருந்து வைத்தால் ஓரிரு வாரங்களில் ஆறிவிடும். உங்கள் தாயாருக்கு நடப்பது அதற்கு நேர்மாறானது: வலி இல்லை, குழியும் வெறுமையாக இல்லை, சதை மேலெழுந்து வருகிறது. வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு காத்திருப்பவர்கள்தான் கடைசியில் மிகவும் தாமதமாக வந்து சேர்கிறார்கள். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

எவ்வளவு பேருக்கு வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உலகப் புற்றுநோய்க் கணிப்பின்படி, 2022-இல் இந்தியாவில் புதிதாக வாய்ப் புற்றுநோய் கண்டவர்கள் சுமார் 1,43,000 பேர். இறந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். உலகில் இந்த நோய் காணும் மூன்று பேரில் ஒருவருக்கு மேல் நம் நாட்டவர். இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே முதலிடத்தில் இருக்கிறது. வாய்ப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல், வாயின் உள்தோலில் புண்ணாகத் தொடங்குபவை. மேலை நாடுகளில் அது நாக்கிலும் நாக்கின் அடியிலும் அதிகம். நம் ஊர்களில் கன்னத்தின் உட்புறத்திலும், கன்னமும் கீழ் ஈறும் சேரும் மடிப்பிலும் அதிகம், ஏனென்றால் புகையிலையை அடக்கிக்கொள்வது அங்கேதான்; பலர் அப்படியே தூங்கியும்விடுகிறார்கள். அந்த மடிப்பில் தொடங்கும் புண்ணுக்கு அடுத்தபடியாக இருப்பது தாடை எலும்பு. எலும்பை அரித்ததும் பல் ஆடத் தொடங்குகிறது. இதைத்தான் பலரும் வயதாகிவிட்டதால் பல் ஆடுகிறது என்று நினைத்துவிடுகிறார்கள்.

வீட்டில் மற்றவர்கள், "நாங்கள் புகையிலை போடுவதில்லை, பாக்கு மட்டும்தான்" என்று நிம்மதியாக இருந்தால், அவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிவித்துவிட்டது. வாய் சிறிது சிறிதாகத் திறக்க முடியாமல் போவது, காரம் பட்டால் எரிவது, கன்னத்தின் உட்புறம் வெளுத்து நாராக இறுகுவது ஆகியவை பாக்கினால் வருபவை. இப்படி வாய் இறுகியவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வருகிறது. தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013 முதல் தடை இருக்கிறது. இருந்தும் பள்ளிக்கூடத்துப் பையன்கள் உதட்டுக்குள் பொட்டலத்தைச் செருகிக்கொண்டு எங்களிடம் வருகிறார்கள் என்றால், அந்தத் தடை யாருக்காகப் போடப்பட்டது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது நான் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவரும் எச்சரிக்கைக்கு வருகிறேன். சொத்தையும் இல்லாமல், ஈறு நோயும் இல்லாமல், ஒரே ஒரு பல் மட்டும் தனியாக ஆடினால், எக்ஸ்-ரே எடுக்காமல் அதைப் பிடுங்க அனுமதிக்காதீர்கள். சுற்றியுள்ள பற்கள் உறுதியாக இருக்க ஒன்று மட்டும் ஆடுகிறது என்றால், அதற்கு அடியில் எலும்பு இல்லாமல் போயிருக்கலாம். ஏன் இல்லை என்று பார்க்காமல் பல்லை எடுப்பது நோயை விட்டுவிட்டு அதன் அடையாளத்தை மட்டும் எடுப்பதாகும். பல் எடுத்த குழி வழியாகக் கட்டி வேகமாக மேலே வளர்ந்து வருகிறது. குழி ஆறட்டும் என்று மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுப்பதில் வாரங்கள் வீணாகின்றன. இன்னொரு கொடுமையும் உண்டு. பல்லோடு ஒட்டிக்கொண்டு வெளியே வரும் சதைத்துணுக்கு பஞ்சோடு சேர்ந்து குப்பைத் தொட்டிக்குப் போய்விடுகிறது. அதை, சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவப் புட்டியில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் உங்கள் தாயாருக்குச் சில வாரங்கள் முன்பே விடை கிடைத்திருக்கக்கூடும்.

கத்தி பட்டால் பரவும் என்பது உண்மையில்லை. உணர்ச்சி மரக்க ஊசி போட்டு, புண்ணின் நடுவே அழுகிய பகுதியை விட்டுவிட்டு, ஓரத்திலிருந்தோ குழிக்குள்ளிருந்தோ ஒரு சிறு துண்டு எடுப்பார்கள். பத்து, பதினைந்து நிமிட வேலை. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்: சதை எடுத்த பிறகு, பயத்தாலோ பணத்தாலோ சிகிச்சைக்குப் போகாமல் இரண்டு மாதங்கள் கழித்து வருகிறவர்களுக்குக் கட்டி பெரிதாகியிருக்கிறது, பழியைக் கத்தியின் மேல் போட்டுவிடுகிறார்கள். பெரிதாக்கியது அந்த இரண்டு மாதங்கள். கட்டியைக் கரைக்கிறேன் என்று பச்சிலைப் பற்றுப் போடுபவர்களிடம் கழியும் காலத்துக்கும் இதே கணக்குதான்.

சித்தப்பா மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவருக்கு வந்தது பல் வளரும் திசுக்களிலிருந்து உண்டாகும் அமெலோபிளாஸ்டோமா என்ற கட்டியாக இருந்திருக்கலாம். இது அரிது, பத்து லட்சம் மக்களில் ஆண்டுக்குச் சுமார் ஒருவருக்கு வருகிறது. ஐந்தில் நான்கு பங்கு கீழ்த்தாடையில், கடைவாய்ப் பற்களுக்குப் பின்புறம் வரும். இருபது முதல் நாற்பது வயதுக்காரர்களிடம் அதிகம் பார்க்கிறோம். வலி இருக்காது, ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளர்ந்து முகம் ஒரு பக்கம் கோணலாகும் வரை பலர் கவனிப்பதில்லை. எக்ஸ்-ரேயில் சோப்பு நுரையின் குமிழிகள் போல அறை அறையாகத் தெரியும். பெரிதாக வளர்ந்த நிலையிலும் உதடு மரப்பது இதில் அவ்வளவு வழக்கமில்லை.

இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "கேன்சர் இல்லை" என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பம் நிம்மதியடைந்து, குறைந்த செலவில் சுரண்டி எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் போய்விடுகிறது. இந்தக் கட்டி பெரும்பாலும் உடலின் வேறு பகுதிகளுக்குப் பரவாது என்பது சரி. ஆனால் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி எலும்பின் துளைகளுக்குள் நுழைந்திருக்கும். சுரண்டி எடுத்தால் மிச்சம் இருந்து, மூன்று ஆண்டுகளிலோ பத்து ஆண்டுகளிலோ, முன்பைவிடப் பெரிதாகத் திரும்பிவரும். அறைகள் பலவாக உள்ள வழக்கமான வகையில், சுற்றி ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து எடுத்து, தேவைப்பட்டால் காலின் மெல்லிய எலும்பைக் கொண்டு தாடையை மீண்டும் அமைக்க வேண்டும். உங்கள் சித்தப்பா மகனுக்குச் சுரண்டித்தான் எடுத்தார்கள் என்றால், அவர் இன்றும் ஆண்டுக்கு ஒரு முறை எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க வேண்டும். இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். உங்கள் தாயாரின் வயதும், மூன்று மாத வேகமும், மரத்த உதடும் இந்தக் கட்டியோடு பொருந்தவில்லை.

இனி அந்த 40,000 ரூபாய். பெரிய மருத்துவமனைகளின் வாசலிலும் பேருந்து நிலையத்திலும் நிற்கும் இந்தத் தரகர்கள், காலையில் வரிசையில் நின்றால் இலவசமாகவோ சொற்பக் கட்டணத்திலோ கிடைக்கும் ஓ.பி. சீட்டைத்தான் உங்களுக்கு விற்கிறார்கள். அறுவைச் சிகிச்சைத் தேதியை முன்னால் கொண்டுவருவது அவர்கள் கையில் இல்லை. சிலர் அரசு மருத்துவமனை என்று கூட்டிக்கொண்டு போய், கமிஷன் தரும் தனியார் ஸ்கேன் மையத்தில் நிறுத்துவார்கள். ஆனாலும் இவர்கள் ஏன் பிழைக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பல் பிரிவிலிருந்து காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கும், அங்கிருந்து புற்றுநோய்ப் பிரிவுக்கும் அனுப்பி, ஒவ்வோர் இடத்திலும் புதுச் சீட்டுப் போடச் சொல்லி, ஸ்கேனுக்கு மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்தால், கடலூரிலிருந்து முதல் பேருந்தில் வந்த ஒரு மீனவக் குடும்பம் வழி சொல்கிறேன் என்கிற எவரையும் நம்பத்தான் செய்யும். வாய்ப் புண்ணோடு வருகிறவருக்கு ஒரே நாளில் மூன்று மருத்துவர்களும் ஒரே அறையில் பார்த்து முடிவு சொல்வது முடியாத காரியமல்ல. செய்வதற்கு மனம்தான் வேண்டும்.

உங்களுக்கு அருகிலேயே இடங்கள் இருக்கின்றன. மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையில் பல் பிரிவு உண்டு. சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு பல் மருத்துவமனையும், புதுச்சேரி கோரிமேட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும், ஜிப்மரின் மண்டலப் புற்றுநோய் மையமும் இருக்கின்றன. முழுத் தாடை எக்ஸ்-ரேயும் சதைப் பரிசோதனையும் ஒரே நாளில் செய்யும்படி கேளுங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லையென்றால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு அது இலவசம். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம், அதற்கும் எவரும் பணம் கேட்கக் கூடாது. நீங்கள் சேரப்போகும் மருத்துவமனையில் அந்த அட்டை செல்லுமா என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அறிக்கைத்தாளோடு நின்றுவிடாமல், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் கண்ணாடித் தகடுகளையும் மெழுகுத் துண்டுகளையும் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் மறுபடியும் சதை எடுப்பார்கள்.

முடிவு புற்றுநோய் என்று வந்து, எலும்பை அரித்திருந்தால், தாளில் "நான்காம் நிலை" என்று எழுதியிருக்கலாம். அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தாடை எலும்பை ஊடுருவிய கட்டி வேறெங்கும் பரவாவிட்டாலும் கணக்கில் நான்காம் நிலையாகத்தான் எழுதப்படும். அவர்களில் பலருக்கு அறுவைச் சிகிச்சையும் அதன் பிறகு கதிர்வீச்சும் கொடுத்துக் குணப்படுத்த முயல முடியும்.

முடிவு "வெறும் அழற்சி" என்று வந்தாலும் அதோடு நின்றுவிடாதீர்கள். மேலாக எடுத்த துண்டில் சீழும் புண்ணும் மட்டுமே அகப்பட்டு, அடியில் உள்ள கட்டி தவறிப்போவது உண்டு. உதடு மரத்திருக்கும் வரை, எக்ஸ்-ரேயில் எலும்பு அரித்திருக்கும் வரை, குழிக்குள் ஆழத்திலிருந்து இரண்டாவது முறை சதை எடுக்கும்படி கேளுங்கள்.