தாலியை விடுங்கள், கடலைப் பாருங்கள்

கேள்வி: டிவி சீரியல்களில் வரும் கன்டினியூட்டி தவறுகளை நோட்டுப் போட்டுக் குறித்து வருகிறேன். ஹாலில் நீலப் புடவையில் அழுத மருமகள், சமையலறைக்குள் நுழையும்போது பச்சைப் புடவையில் இருக்கிறாள். தாலி ஒரு ஷாட்டில் வெளியே, அடுத்த ஷாட்டில் உள்ளே. இதைக்கூடப் பார்க்காமல் உதவி இயக்குநர்கள் என்னதான் செய்கிறார்கள்? வீட்டில் என்னை வேலையற்றவள் என்கிறார்கள். பட்டியலை இணைத்திருக்கிறேன்.
ஒரு வாசகி, தண்டையார்பேட்டை, சென்னை-81.

பதில்: நீங்கள் செய்வது உருப்படியான வேலை, அம்மா. பட்டியலை முழுக்கப் படித்தேன். ஆனால் உங்கள் கோபம் போய் விழுந்திருக்கும் இடம் தவறு.

உதவி இயக்குநர் என்ன செய்கிறார் என்று கேட்டீர்கள். வாரம் 6 எபிசோடு. விளம்பரம் போக ஒவ்வொன்றும் 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல் என்று வைத்தாலும், வாரா வாரம் ஒரு முழு சினிமா நீளத்துக்கு எடுத்தாக வேண்டும். மாமியாராக நடிப்பவரின் கால்ஷீட் இருக்கும் நாளில், பல எபிசோடுகளுக்கான ஹால் காட்சிகளை ஒரே மூச்சில் எடுத்துவிடுவார்கள். சமையலறைக் காட்சி இன்னொரு நாள், சில சமயம் வேறொரு ஷூட்டிங் வீட்டில். கன்டினியூட்டி பார்க்கும் பையனோ பெண்ணோ ஷாட்டுக்கு ஷாட் செல்போனில் படம் எடுத்து வைப்பார்: புடவை மடிப்பு, பொட்டின் அளவு, பூ எந்தத் தோளில், வாட்ச் எந்தக் கையில். பல செட்டுகளில் அதே ஆள்தான் பக்கத்தில் நின்று வசனமும் எடுத்துக் கொடுக்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு தாலி நழுவினால் அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

சில தவறுகளைத் தெரிந்தேதான் விடுகிறார்கள். வால்டர் மர்ச் என்ற அமெரிக்கப் படத்தொகுப்பாளர், ஒரு ஷாட்டை எங்கே வெட்டுவது என்பதற்கு ஆறு அளவுகோல்களும் அவற்றுக்கு மதிப்பெண்ணும் சொன்னார். உணர்ச்சிக்கு 51 சதவீதம். யார் எங்கே நிற்கிறார் என்ற இடத் தொடர்ச்சிக்கு 4. அழுகை நன்றாக வந்த டேக்கில் தாலி உள்ளே இருந்தால், எடிட்டர் அழுகையைத்தான் எடுப்பார். அது சரியான முடிவு.

உங்கள் பட்டியலின் கடைசிப் பக்கத்தில், வட சென்னை மீனவக் குடும்பத்தைக் கதையாக எடுத்த ஒரு சீரியலைப் பற்றி, போகிற போக்கில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவைதான் பெரிதாகப் படுகின்றன. ஒன்று, 2005 என்று எழுத்துப் போட்டுக் காட்டும் ஃபிளாஷ்பேக்கில் திருவொற்றியூர் தேரடி மெட்ரோ தூண்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து அந்தத் தேரடி வழியாக விம்கோ நகருக்கு மெட்ரோ ஓடத் தொடங்கியதே 2021 பிப்ரவரியில்தான். இரண்டு, காசிமேட்டுக் கரையில் அண்ணன் கலங்கி உட்கார்ந்திருக்க, எதிரே கடலுக்குள் சூரியன் மறைகிறது. நம் கடல் கிழக்கே இருக்கிறது. அங்கே சூரியன் உதிக்கத்தான் செய்யும். விடியற்காலையில் எடுத்ததை மாலை என்று ஓட்டியிருப்பார்கள். பார்ப்பவர்களில் காசிமேட்டுக்காரர்களும் இருப்பார்கள் என்ற நினைப்பே இல்லாமல் செய்த காரியம் இது.

மூன்றாவதுதான் என்னை உண்மையிலேயே வருத்தியது. கதையில் மே மாதம், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. மறுநாள் அண்ணன் விசைப்படகில் பத்து நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கக் கிளம்புகிறான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பது உங்கள் தெருக் குழந்தைக்கும் தெரியும். படகுகள் காசிமேடு துறைமுகத்தில் நெருக்கியடித்துக் கட்டிக் கிடக்கும். வலை பின்னுவார்கள், எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பார்கள், பலகைக்குப் பெயின்ட் அடிப்பார்கள். வீட்டில் இரண்டு மாதம் கடல் வருமானம் கிடையாது. அரசு தரும் நிவாரணத் தொகை எத்தனை நாள் தாங்கும், தங்கச்சி கல்யாணத்துக்கு வைத்த நகையை அடகு வைப்பதா, படகு ஓனரிடம் முன்பணம் கேட்பதா? ஒரு மீனவக் குடும்பத்தைக் கதையாக எடுத்துக்கொண்டு இதைத் தொடாமல் தாண்டிப் போயிருக்கிறார்கள். நாற்பது எபிசோடு நடத்தலாம் இதை வைத்து! அதை விட்டுவிட்டு சூப்பில் விஷம் கலந்துகொண்டிருக்கிறார்கள்.

புடவை மாறியதற்கு நேரமின்மை காரணம். தடைக்காலம் மறந்ததற்கு அந்தக் காரணம் சொல்ல முடியாது. அது எழுத்து மேசையில் நடந்த தவறு. வட சென்னை என்றால் ரவுடியும் குழாயடிச் சண்டையும் போதும் என்று நினைத்து எழுதியதன் விளைவு.

ஆகவே சேனலுக்கு எழுதுங்கள், ஆனால் கதைக் குழுவுக்கு என்று எழுதுங்கள். ஒளிபரப்பான தேதி, காட்சி, அதில் சொன்னது, உண்மையில் உள்ளது என்று சுருக்கமாக. புடவை, தாலி எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் முதல் பக்கத்தோடு மடித்து வைத்துவிடுவார்கள். அப்புறம், தடைக்காலத்தில் உங்கள் தெரு எப்படி இருக்கும் என்று இரண்டு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள். இந்த இதழில் அதற்கு இடம் ஒதுக்குகிறேன்.