எலெக்ட்ரிக் யெல்லோவுக்குத் துணையாக எந்த மீன்?

கேள்வி: 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் ஆறு எலெக்ட்ரிக் யெல்லோ (ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த, சிக்லிட் இன மஞ்சள் மீன்) வளர்க்கிறேன். அதே ஏரி மீன்களான ஆராட்டஸும் மஞ்சள் பீகாக்கும் சேர்க்க ஆசை. ஒத்துப்போகுமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். ஆராட்டஸ் குட்டியாக இருக்கும்போது மஞ்சளும் கறுப்புமாக வரியோடி அழகாக இருக்கும். ஆண் மீன் பருவத்துக்கு வந்ததும் தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொண்டு மற்றவற்றைச் சாகும்வரை விரட்டும். கென்யி என்ற மீனும் இதே ரகம்தான்.

மஞ்சள் பீகாக்கில் சிக்கல் வேறு. அது சாது, ஆனால் மலாவி ஏரி சிக்லிட்கள் தன்னைப் போலவே தெரியும் மீனைத்தான் முதலில் எதிரியாகப் பார்க்கும். அதனால் மீனின் குணத்தோடு நிறத்தையும் உடலமைப்பையும் பார்த்தே தேர்வு செய்யுங்கள். நீல நிற பீகாக் வாங்கலாம். ஓர் ஆணுக்கு மூன்று பெண்கள். ஒரே ஒரு பெண் இருந்தால் ஆண் அதை ஓயாமல் துரத்தி ஓய்த்துவிடும். பீகாக்கில் ஒரு வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அநேகமாக எல்லா வகையிலும் பெண்கள் மங்கிய சாம்பல் நிறம்தான். எது எந்த வகை என்று பிரித்தறிய முடியாது, குஞ்சுகள் கலப்பினமாகிவிடும். பல வண்ணம் வேண்டுமென்றால் வகைக்கு ஓர் ஆண் என்று வைக்கலாம். ஆனால் அந்தத் தொட்டியில் பீகாக்கில் ஒரு பெண்கூட இருக்கக் கூடாது. இருந்தால் அன்றே சண்டை தொடங்கும்.

கூடவே ரஸ்டி ஐந்து சேர்க்கலாம். துருநிறத்தில் ஊதா சாயல் கொண்ட சிறிய மீன்; எல்லோருக்கும் தெரிய வேண்டிய சாது, ஏனோ பலர் கவனிப்பதில்லை. விளிம்புவரை நிரப்பினால் உங்கள் தொட்டி 255 லிட்டர் கொள்ளும். கல்லும் மணலும் போனால் குறையும். பதினைந்து சிக்லிட் போதும். பில்டர் மணிக்குத் தொட்டி நீரைப்போல் ஆறு மடங்காவது சுழற்ற வேண்டும். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீர் மாற்றுங்கள். வெப்பம் 24 முதல் 26 டிகிரி, பிஎச் (நீரின் அமில, கார அளவு) 7.8 முதல் 8.4.

கேள்வி: அடிமட்டத்துக்குக் கெளுத்தி ஏதாவது? ஏஞ்சல் மீனும் விடலாமா?

பதில்: சினோடோன்டிஸ் பெட்ரிகோலா நான்கைந்து விடுங்கள். தாங்கனிக்கா ஏரி மீன். இதே கடினமான காரத்தன்மை நீரில் நன்றாக வாழும், பத்து செ.மீ. அளவில் நின்றுவிடும். ஒளிய இடுக்குகள் தேவை. சிக்லிட் குஞ்சுகளை வளர்த்தெடுக்க நினைத்தால், முட்டையை வாயில் காக்கும் தாயைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். கெளுத்தி குஞ்சுகளைத் தின்றுவிடும். ஏஞ்சல் அமேசான் பகுதி மீன். அதற்கு மென்மையான நீர் வேண்டும், நீண்ட துடுப்பையும் சிக்லிட்கள் கடித்துக் குதறும்.

கேள்வி: புதிதாக விட்ட மீன் ஹீட்டர் பின்னால், நீர்மட்டத்தை ஒட்டியே நிற்கிறது. துடுப்பு கிழிந்திருக்கிறது. என்ன செய்ய?

பதில்: அதை உடனே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள், காயம் ஆறட்டும். பிறகு விரட்டும் மீனைக் கண்டுபிடித்து, அதையும் பத்து நாள் வேறு இடத்தில் வையுங்கள். இதற்கிடையில் கற்களை முழுவதுமாக மாற்றி அடுக்குங்கள். கற்களைக் கண்ணாடி அடித்தளத்தின் மேலேயே நிறுத்திவிட்டு மணல் போடுங்கள். மணலின் மேல் வைத்தால் மீன் தோண்டும்போது சரிந்துவிடும். பழைய எல்லைகள் அழிந்த பிறகு காயம் ஆறிய மீனை முதலிலும் முரடனைக் கடைசியிலும் விடுங்கள். உள்ளே இருப்பவற்றுக்கு இரை போட்டு, விளக்கை அணைத்துவிட்டு விடுவது நல்லது.

இனி புது மீன் வாங்கினால் ஒற்றை மீனாக விடாமல் நான்கைந்தாகச் சேர்த்து விடுங்கள், துரத்தல் ஒன்றின் மேலேயே விழாது. அதற்கு முன் நான்கு வாரம் தனியே வைத்து நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தீனியாக ஸ்பைருலினா என்ற பாசி கலந்த குருணையை நாளுக்கு இருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போடுங்கள். மாட்டு இதயம் போன்ற இறைச்சி வேண்டாம். பாசி மேயும் வகைகளுக்கு அது செரிக்காது; வயிறு வீங்கி, இரை எடுக்காமல் செத்துப்போகும்.