பகலில் தேவதைக் கதை, ராத்திரியில் பேய்ப்படம்

கேள்வி: ஒரு வார இறுதி முழுக்க வீட்டிலேயே உட்கார்ந்து படம் பார்த்தது உண்டா? என்ன படங்கள் பார்த்தீர்கள்? எவற்றைப் பார்க்கச் சொல்வீர்கள்?

உண்டு, போன மாதம்தான். அக்கா மகள் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். நான்காம் வகுப்புப் படிக்கிறாள். வெளியே போக முடியாத மழை. பகலில் அவளோடு சேர்ந்து தேவதைக் கதைப் படங்கள், அவள் தூங்கிய பிறகு நான் மட்டும் குறைந்த செலவில் எடுத்த பழைய பேய்ப்படங்கள் என்று பிரித்துக்கொண்டேன்.

இந்த இரண்டு வகையையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று நன்றாகப் புரியும். ராஜகுமாரி கதை எடுப்பவருக்கும், காசில்லாமல் பேய்க் கதை எடுப்பவருக்கும் தொழில் ஒன்றேதான். உலகத்தில் இல்லாத ஒன்றை இருப்பதாக நம்பவைக்க வேண்டும். அதற்குக் கையில் இருப்பதெல்லாம் துணி, புகை, நிழல், மனித உடம்பு. மீதியைப் பார்க்கிறவர் மனசுதான் கட்டிக்கொள்கிறது. அப்படிக் கட்டவைத்த படங்களைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் போட்டது லோட்டே ரைனிகர் என்ற ஜெர்மன் பெண் இயக்குநரின் 'இளவரசர் அக்மெதின் சாகசங்கள்'. 1926-ல் வந்தது. ஆயிரத்தொரு இரவுகளிலிருந்து எடுத்த கதை. பறக்கும் குதிரை, சிறகுடை அணிந்து குளிக்க வரும் பரி பானு என்ற தேவதை, அலாவுதீன், அவன் விளக்கு என்று எல்லாம் உண்டு. மொத்தப் படமும் நிழலுருவங்கள்தான். கறுப்பு அட்டையையும் மெல்லிய ஈயத் தகட்டையும் கத்தரித்து, மூட்டுக்கு மூட்டு கம்பியால் இணைத்து, கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசைமேல் கிடத்தி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, மேலே மாட்டிய கேமராவில் ஒவ்வொரு அசைவாகப் படம்பிடித்திருக்கிறார்கள். மூன்று வருட வேலை. தொடங்கியபோது ரைனிகருக்குச் சுமார் இருபத்து நான்கு வயதுதான். இன்று நமக்குப் பார்க்கக் கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் இதுதான் மிகப் பழையது. டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' 1937-ல்தான் வந்தது.

இதில் பெரும்பாலும் முகபாவம் எதுவும் தெரியாது. ஆனாலும் மந்திரவாதியின் விரல்கள் நீண்டு வளைந்ததுமே, "சித்தி, இவன் கெட்டவன்" என்று சொல்லிவிட்டாள் குழந்தை. மந்திரவாதியும் சூனியக்காரியும் சிங்கமாகவும் பாம்பாகவும் தேளாகவும் சேவலாகவும் மாறி மாறிச் சண்டைபோடும் இடத்தில் எழுந்து நின்றே பார்த்தாள். தோல்பாவைக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் படம் அந்நியமாகவே இருக்காது. விளக்குக்கும் திரைக்கும் நடுவில் ஓர் உருவம் அசைந்தால் போதும், நாம் அதற்கு உயிர் கொடுத்துவிடுவோம்.

அன்று சாயங்காலம் டீ குடிக்க உட்கார்ந்தபோது பேச்சு 'ஜெகன்மோகினி'க்குப் போனது. அம்மா அதை டென்ட் கொட்டகையில் பார்த்திருக்கிறாள். விட்டலாச்சார்யா 1978-ல் தெலுங்கில் எடுத்து, தமிழில் பேசவைத்து, இங்கேயும் சக்கைப்போடு போட்ட படம். நான் பிரித்துக்கொண்ட இரண்டு வகைக்கும் இதைவிடப் பொருத்தமான படம் நம் பக்கத்தில் இல்லை என்று நினைக்கிறேன். ஏனென்றால் அது மாயாஜாலப் படமும்தான், பேய்ப்படமும்தான். விட்டலாச்சார்யா உடுப்பிப் பக்கத்துக்காரர். கன்னடத்தில் தொடங்கித் தெலுங்கில் நிலைத்தவர். செலவைச் சுருக்கி, வேகமாக எடுத்து முடிப்பதில் பேர் பெற்றவர். கால்ஷீட் தகராறு செய்யும் நடிகரை, கதையில் ஒரு சாபத்தைப் போட்டு, கிளியாகவோ ஆடாகவோ மாற்றிவிட்டுப் படப்பிடிப்பைத் தொடருவார் என்று சினிமாக்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

அந்தப் படத்தில் பேய் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்துச் சமைக்கும் காட்சி இருக்கிறதே, அதை அம்மா சொல்லிக் காட்டினாள். "கால் சுடாதா பாட்டி?" என்று குழந்தை கேட்க, "பேய்க்கு எங்கடி சுடும்?" என்றாள் அம்மா. உடனே அந்தக் காட்சியைத் தேடிப் போட்டோம். இன்றைய கண்ணுக்கு அந்தத் தந்திரம் பளிச்சென்று தெரிந்துவிடும்தான். ஆனால் அந்த யோசனை இருக்கிறதே, அதை எந்தக் கணினியாலும் மேம்படுத்த முடியாது. அடுப்பு, விறகு, சமையல் என்று நாம் தினமும் பார்க்கும் இடத்தில் கொண்டுபோய்ப் பேயை உட்காரவைத்ததில்தான் பயமே இருக்கிறது.

அன்று ராத்திரி ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968), செத்தவர்கள் எழுந்து வந்து மனிதர்களைத் தின்னும் கதை. இதைப் பற்றி எல்லோரும் நிறைய எழுதிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த சில நண்பர்கள் சுமார் 1,14,000 டாலரில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இடிக்கப்போகிற ஒரு பண்ணை வீடுதான் களம். ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் அது ரத்தமாகவேதான் தெரிகிறது. கடைசி நேரத்தில் படத்தின் பெயரை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனதால் படம் பொதுச் சொத்தாகிவிட்டது. அதனால் இணையத்தில் சட்டப்படியே இலவசமாகப் பார்க்கலாம். குழந்தைகள் இருக்கும்போது மட்டும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைப் பகல்தான் இந்த வார இறுதியின் உச்சம். ழான் காக்தோவின் 'அழகியும் மிருகமும்', 1946-ல் வந்த பிரெஞ்சுப் படம். சப்டைட்டிலை வாசித்து வாசித்து நான் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அது கதை சொல்வதாகவே ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு வேற்றுமொழிப் படம் காட்டத் தயங்குகிறவர்கள் இந்த வழியைச் செய்து பாருங்கள். மிருகத்துக்கு மட்டும் தனியாக ஒரு குரல் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு 1945 ஆகஸ்டில் படப்பிடிப்பு தொடங்கியிருக்கிறது. பிரான்ஸில் அப்போது எதுவுமே கிடைக்காத காலம். பிலிம் சுருள் தட்டுப்பாடு, மின்வெட்டு. கொடியில் காயப்போடும் ஒரு காட்சிக்கு ஒட்டுப்போடாத படுக்கை விரிப்பு தேடி அலைந்ததைக் காக்தோ தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நடுவில் அவருக்குக் கடுமையான தோல் நோய் வந்து ஆஸ்பத்திரியிலும் படுக்க நேர்ந்தது. மிருகமாக நடித்த ழான் மரேவுக்கு ஒப்பனை போட மட்டும் தினமும் ஐந்து மணி நேரம்.

மிருகம் வாழும் அந்த மாளிகையைப் பாருங்கள். இருட்டான நீண்ட நடைபாதை. சுவரிலிருந்து மனிதக் கைகள் நீண்டு மெழுகுவத்தித் தண்டுகளைப் பிடித்திருக்கின்றன. ஆள் நடக்க நடக்க மெழுகுவத்திகள் தானாகப் பற்றிக்கொள்கின்றன. கணப்பு அடுப்பின் இருபுறமும் இருக்கும் சிலைகள் கண்ணை உருட்டிப் பார்க்கின்றன, மூக்கால் புகை விடுகின்றன. எல்லாம் ஆட்கள்தான். சுவருக்குப் பின்னால் நின்று ஓட்டை வழியே கையை நீட்டியிருக்கிறார்கள், முகத்தில் சாயம் பூசி உட்கார்ந்திருக்கிறார்கள். மெழுகுவத்தி எரிவது இன்னும் எளிமை. எரிகிற மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக அணைத்துப் படம்பிடித்துவிட்டு, அதைப் பின்னோக்கி ஓட்டியிருக்கிறார்கள். அழகி நடைபாதையில் காலை எடுத்து வைக்காமல் மிதந்து வருவாள். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சக்கர வண்டியில் நிறுத்தி இழுத்திருக்கிறார்கள்.

"அந்தக் கை யாரோடது சித்தி?" என்று குழந்தை கேட்டாள். ஓர் ஆள் பின்னால் நிற்கிறார் என்று சொன்னேன். அதைச் சொன்ன பிறகு மாயம் போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளுக்கோ இன்னும் பயம் கூடிவிட்டது. "அப்ப அவர் ராத்திரியெல்லாம் அங்கேயே நிக்கணுமா?" என்றாள். கணினியில் வரைந்த கையைப் பார்த்து யாருக்கும் இந்தக் கேள்வி வராது. உண்மையான சதை, உண்மையான நெருப்பு, களைத்துப்போகக்கூடிய ஒரு தோள் அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. அதனால்தான் தேவதைக் கதை மாளிகைக்குள்ளேயே ஒரு பேய் வீடும் வந்துவிடுகிறது.

மிருகம் வேட்டையாடிவிட்டு வந்து நிற்கும்போது அதன் கைகளிலிருந்து புகை எழும். அழகி பார்த்துவிடுவாளோ என்று அது கூசி நிற்கும். கொலை செய்ததைக் காட்டவில்லை, பல்லைக் காட்டவில்லை. புகை மட்டும்தான். எனக்குத் தெரிந்து வெட்கத்தை இதைவிட நன்றாகத் திரையில் யாரும் காட்டியதில்லை. தினமும் இரவு ஏழு மணிக்கு வந்து "என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா?" என்று அது கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு அடைத்தது.

ராத்திரி 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' (1962). அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில் தொழிற்சாலைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பாடப் படங்கள் எடுக்கும் நிறுவனத்தில் வேலைபார்த்தவர் ஹெர்க் ஹார்வி. காரில் ஊர் திரும்பும் வழியில் யூட்டாவின் உப்பு ஏரிக்கரையில் ஒரு பெரிய கட்டடம் கைவிடப்பட்டு நிற்பதைப் பார்க்கிறார். சால்ட்ஏர் என்று பெயர். ஒரு காலத்தில் ஜனங்கள் நடனமாட வந்த உல்லாச மண்டபம். இந்த இடத்தில் ஒரு கதை நடக்க வேண்டும் என்று சக ஊழியர் ஒருவரிடம் சொல்லி எழுதவைத்தார். சுமார் 33,000 டாலர் செலவு, மூன்று வாரப் படப்பிடிப்பு. அதற்குப் பிறகு ஹார்வி இன்னொரு கதைப் படம் எடுக்கவே இல்லை.

கதை இவ்வளவுதான். பாலத்திலிருந்து ஒரு கார் ஆற்றில் விழுகிறது. வெகுநேரம் கழித்து மேரி என்ற பெண் மட்டும் சேறும் சகதியுமாகக் கரையேறி வருகிறாள். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகிறாள். வெளுத்த முகத்தோடு ஒருவன் அவளைத் தொடர்கிறான். அந்த ஆள் வேடத்தில் நடித்தது ஹார்வியேதான். முகத்தில் வெள்ளைப் பூச்சு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு, அவ்வளவுதான் ஒப்பனை. ஓடும் காரின் கண்ணாடியில் தன் முகம் தெரிய வேண்டிய இடத்தில் அவள் அவன் முகத்தைப் பார்ப்பாள். எனக்கு அங்கே கை சில்லிட்டுவிட்டது.

அதைவிட என்னைக் கலக்கியது வேறொரு காட்சி. துணிக்கடையில் உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வருகிறாள். திடீரென்று உலகத்தின் சத்தம் எல்லாம் நின்றுவிடுகிறது. கடைக்காரப் பெண்ணிடம் பேசுகிறாள், பதில் இல்லை. தெருவில் யாரும் அவளைப் பார்ப்பதே இல்லை. இதற்கு என்ன செலவாகியிருக்கும்? ஒலியை எடுத்துவிட்டார்கள், சுற்றி நிற்பவர்களைக் கண்டுகொள்ளாமல் இருக்கச் சொன்னார்கள். ஒரு பைசா செலவில்லாத தந்திரம். பகல் வெளிச்சத்தில், கூட்டத்துக்கு நடுவில், ஒரு பெண் இல்லாமல் போகிறாள். புது ஊரில் தனியாக வேலைக்குப் போய்ச் சேர்ந்த எந்தப் பெண்ணுக்கும் இந்தக் காட்சி என்ன சொல்கிறது என்று தெரியும். முடிவை இங்கே சொல்ல மாட்டேன்.

தூக்கம் வராமல் இன்னொன்றும் போட்டேன், 'தி கர்ஸ் ஆஃப் தி கேட் பீப்பிள்' (1944). பெயரைக் கேட்டால் பூனைப் பிசாசு கதை மாதிரி இருக்கும். தயாரிப்பாளர் வால் லூட்டனுக்கு ஸ்டூடியோ கொடுத்தது குறைந்த பட்ஜெட்டும் பயமுறுத்தும் தலைப்பும்தான். அதற்குள் என்ன கதை சொல்வது என்பது அவர் பாடு. அவர் எடுத்ததோ ஏமி என்ற தனிமையான சிறுமியைப் பற்றிய தேவதைக் கதை. படம் எழுபது நிமிடம்தான். ராபர்ட் வைஸ் இயக்குநராகப் பெயர் பெற்ற முதல் படமும் இதுதான், இன்னொருவரோடு சேர்ந்து.

தோட்டத்து மரப்பொந்து ஒரு மந்திரத் தபால்பெட்டி என்று அப்பா எப்போதோ சொல்லியிருக்கிறார். ஏமி தன் பிறந்தநாள் அழைப்பிதழ்களை எல்லாம் அதில் போட்டுவிடுகிறாள். யாரும் வரவில்லை. அப்பா அவளைக் கற்பனையில் மிதப்பதாகக் கடிந்துகொள்கிறார். கதை சொன்னவரே நம்பியதற்காகத் திட்டுகிறார் பாருங்கள்! பிறகு அவளுக்கு ஒரு சிநேகிதி வருகிறாள். வேறு யார் கண்ணுக்கும் தெரியாதவள். கடைசியில் தன்னைக் கொல்லும் அளவுக்கு வெறுப்போடு நிற்கும் ஒருத்தியை அந்தக் குழந்தை "என் சிநேகிதி" என்று கட்டிப்பிடிக்கும் இடத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பேய்ப்பட வரிசையில் வைத்து விற்ற படத்தில், ஒரு பேய் செய்கிற வேலை ஒரு குழந்தையைக் காப்பாற்றுவதுதான்.

சரி, நீங்கள் என்ன பார்க்கலாம்? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ரைனிகர், அப்புறம் காக்தோ. ஏமி கதையைப் பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் கூட உட்கார்ந்து காட்டலாம். அதன் முன்கதையான 'கேட் பீப்பிள்' (1942) பார்க்காவிட்டாலும் கதை புரியும். 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' பெரியவர்களுக்கு மட்டும். ஹெட்போன் போட்டு விளக்கை அணைத்துப் பாருங்கள், படம் முழுக்க ஆர்கன் இசைதான் பயத்தைச் சுமக்கிறது. இதுவும் பொதுச் சொத்து, எளிதாகக் கிடைக்கும். பார்க்கிறபோது போனைத் தள்ளி வைத்துவிடுங்கள். இந்தப் படங்கள் மெதுவானவை, பாதிக் கவனத்தில் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும்.

அடுத்த லீவுக்கு ழாக் டெமி 1970-ல் எடுத்த 'டாங்கி ஸ்கின்' எடுத்து வைத்திருக்கிறேன். கழுதைத் தோலைப் போர்த்திக்கொண்டு அரண்மனையை விட்டு ஓடிப்போகும் இளவரசியின் கதை, காத்ரீன் தெனவ் நடித்தது. அதில் ராஜாவாக வருகிறவர் அதே ழான் மரே. மகளையே கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படும் ராஜா அவர் என்பதால், முதலில் நான் தனியாகப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு எதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டுதான் போட வேண்டும்.