மக்டொனால்ட்ஸ் ஒரு கடையிலிருந்து இத்தனை கிளையாக வளர்ந்தது எப்படி?

பெரும்பாலும் ‘பிரான்சைஸ்’ மூலம்தான். அது பெயரையும் செய்முறையையும் வாடகைக்கு எடுப்பது மாதிரி. கடை போடும் காசு உங்களுடையது, போர்டு அவர்களுடையது. விற்பனையில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும்.

இது ஓடுவதற்குக் காரணம் ருசியை விட அடுக்களைதான். திருமலை பஸ் நிலையத்தடியில் ஒரு கொத்துக் கடையை எடுங்கள். தகடு தட்டுகிறவர் லீவு போட்டால் அன்றைய கொத்து வேறு கொத்து. அந்தக் கையை வைத்துக் கிளை திறக்க முடியாது.

கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மக்டொனால்ட் சகோதரர்கள் 1948இல் அந்தக் கையையே தேவையில்லாமல் ஆக்கினார்கள். 25 வகைச் சாப்பாட்டை 9 ஆகக் குறைத்தார்கள். டென்னிஸ் மைதானத்தில் சோக்கட்டியால் அடுக்களையைக் கீறி, ஊழியர்களை அதற்குள் வேலை செய்வதுபோல நடக்கவைத்து, அடுப்பும் மேசையும் எங்கே வரவேண்டும் என்று பார்த்தார்கள். ஒருவர் இறைச்சி வாட்டுவார், இன்னொருவர் சோஸ் போடுவார், வேறொருவர் சுற்றுவார். பர்கர் 15 அமெரிக்கச் சதம்.

மில்க் ஷேக் மெசின் விற்ற ரே குரோக் 1954இல் இதைக் கண்டு, 1955இல் இல்லினோயில் தன் முதல் கிளையைத் திறந்தார். பிறகு மற்றவர்களுக்கும் பிரான்சைஸ் கொடுத்தார், விற்பனையில் 1.9 வீதத்துக்கு. 1961இல் 27 லட்சம் டொலருக்குச் சகோதரர்களிடமிருந்து பெயரையும் உரிமையையும் வாங்கிவிட்டார்.

குரோக்தான் ஆரம்பித்தவர் என்று பலர் நினைக்கிறார்கள். கடையும் முறையும் சகோதரர்களுடையவை, அவர் பெருக்கியது கிளைகளை.