ரேடியேட்டர் சூடாக ஏன் இவ்வளவு நேரம்? பிரிட்டன் வீடுகளுக்கான கேள்வி பதில்

கேஸ் பாய்லரும் தண்ணீர் ரேடியேட்டரும் உள்ள வீடுகளுக்கு மட்டுமே இந்தப் பதில்கள். பாய்லரின் மூடியைத் திறக்கும் எந்த வேலையையும் கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்ய அனுமதி உள்ளவர்களின் பிரிட்டன் பதிவேடு) பதிவு பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். ரேடியேட்டரும் அதன் வால்வுகளும் நாமே கை வைக்கக்கூடியவை. கேள்வி அனுப்பும்போது ரேடியேட்டரின் எந்தப் பகுதி குளிர்ந்திருக்கிறது என்பதையும் எழுதுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

கேள்வி (ஹாரோ): அண்ணா, மாடி பெட்ரூம் ரேடியேட்டர் கீழே நல்லா சுடுது, மேலே ஜில்லுனு இருக்கு. பிளம்பரைக் கூப்பிடணுமா?

பதில்: வேண்டாம், நீங்களே முடித்துவிடலாம். மேல்பக்கம் குளிர் என்றால் உள்ளே காற்று நிற்கிறது. ஹீட்டிங்கை அணைத்து, ரேடியேட்டர் ஆறும்வரை பொறுங்கள். பம்ப் ஓடும்போது திறந்தால் சில வீடுகளில் காற்று வெளியேறாமல் உள்ளே இழுக்கப்படும். மேல் ஓரத்துச் சதுர முனையில் ரேடியேட்டர் சாவியை மாட்டி, கீழே துணியைப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கமாகக் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று திருப்புங்கள். அதற்கு மேல் போனால் திருகாணி கையோடு வந்துவிடும். உஸ்ஸென்ற சத்தம் அடங்கித் தண்ணீர் சீராக வந்ததும் மூடுங்கள்.

தனிச் சிலிண்டர் இல்லாமல் ஹீட்டிங்கோடு குழாய்ச் சுடுதண்ணீரையும் தானே தரும் காம்பி பாய்லர் என்றால் பிறகு பிரஷர் கேஜைப் பாருங்கள். ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் ஃபில்லிங் லூப்பை (வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஹீட்டிங்குக்குள் விடும் இணைப்பு) திறந்து ஏற்றிவிட்டு மறக்காமல் மூடுங்கள். மூடாமல் விட்டால் 3 பாரில் பாதுகாப்பு வால்வ் திறந்து வெளிச்சுவர்க் குழாயில் தண்ணீர் கொட்டும்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): காற்றை எடுத்துவிட்டால் சரியாகிறது. இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே கதை. ஏன் ஐயா?

பதில்: அது காற்றே இல்லாமல் ஹைட்ரஜனாக இருக்கலாம். தண்ணீர் ரேடியேட்டரின் எஃகை அரிக்கும்போது கறுப்பு இரும்பு ஆக்சைடும் ஹைட்ரஜனும் உண்டாகின்றன. அதனால் திறக்கும்போது அருகில் நெருப்பு, சிகரெட் எதுவும் வேண்டாம். கடைசியில் வரும் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். மை போல் கறுத்திருந்தால் அரிப்பு நடக்கிறது. அரிப்பைத் தடுக்க ஹீட்டிங் தண்ணீரில் கலக்கும் ரசாயனமான இன்ஹிபிட்டர் தீர்ந்துவிட்டது என்று பொருள். தண்ணீர் தெளிவாக இருந்து, பிரஷரும் இறங்கிக்கொண்டே வந்தால் எங்கோ கசிகிறது. வால்வ் நட்டுகளைச் சுற்றிப் பச்சைக் கறையோ துருவோ படிந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பரணில் சிறிய தொட்டி உள்ள பழைய வீடானால், அதன் மிதவை வால்வ் இறுகித் தொட்டி வற்றியிருக்கலாம்.

கேள்வி (மிட்சம், லண்டன்): அண்ணை, எங்கட ஹோலில ஒரு ரேடியேற்றர் மட்டும் சூடாகுதில்லை. மற்றதெல்லாம் நல்ல சூடு. டி.ஆர்.வி.யை 5-ல வச்சும் பிரயோசனமில்லை.

பதில்: டி.ஆர்.வி. என்பது அறையின் சூட்டைப் பார்த்துத் தண்ணீரைத் தானே விட்டு நிறுத்தும், எண் போட்ட ரேடியேட்டர் வால்வ். கோடை முழுக்க மூடிக் கிடந்ததில் அதன் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கும். தலையை 5-இல் வைத்து, அதன் கீழுள்ள வளையத்தைக் கையால் கழற்றினால் தலை மட்டும் வந்துவிடும், தண்ணீர் வராது. நடுவில் மெல்லிய ஊசி தெரியும். ஒரு மரக்கட்டையால் அழுத்தினால் சில மில்லிமீட்டர் உள்ளே போய்த் தானாக மேலே எழ வேண்டும். எழவில்லையானால் வால்வின் உடம்பில் பக்கவாட்டாக மெதுவாகத் தட்டி, ஒரு துளி சிலிக்கான் எண்ணெய் விட்டு மறுபடி அழுத்திப் பாருங்கள். இடுக்கியால் பிடித்து இழுக்கவே கூடாது. சில வால்வுகளில் ஊசி பிடுங்கிக்கொண்டு வந்து கறுப்புத் தண்ணீர் பீறிடும்.

கேள்வி (குரோய்டன்): ஒன்பது ரேடியேட்டரும் சூடாகும். ஆனால் பாய்லருக்குத் தூரத்தில் இருக்கும் அறைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பம்ப் மாற்ற வேண்டுமா?

பதில்: பம்பைத் தொடாதீர்கள். இது பேலன்ஸிங் கோளாறு, அதாவது தண்ணீர் எல்லா ரேடியேட்டர்களுக்கும் சரியாகப் பங்கிடப்படவில்லை. பலரும் பேலன்ஸிங் செய்யாமலே புதிய பாகங்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். தண்ணீர் சுலபமான வழியில்தான் ஓடும். பக்கத்து ரேடியேட்டர்கள் அகலத் திறந்திருந்தால் தூரத்தில் இருப்பதற்கு மிச்சம்தான் கிடைக்கும்.

ஒவ்வொரு ரேடியேட்டரிலும் மறுமுனையில் பிளாஸ்டிக் மூடிக்குள் இருப்பது லாக் ஷீல்ட் வால்வ். எல்லா டி.ஆர்.வி.யையும் லாக் ஷீல்டையும் முழுக்கத் திறந்து, ஆறிய வீட்டில் ஹீட்டிங்கைப் போட்டு, எது எந்த வரிசையில் சூடாகிறது என்று எழுதுங்கள். பிறகு அணைத்து ஆறவிடுங்கள். மறுபடி போட்டு, முதலில் சூடான ரேடியேட்டரின் லாக் ஷீல்டை முழுக்க மூடிக் கால் சுற்று மட்டும் திறங்கள். உள்ளே வரும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் ஒவ்வொரு கிளிப் தெர்மாமீட்டர் மாட்டி வித்தியாசத்தைப் பாருங்கள். பழைய பாய்லர்களுக்கு 11 டிகிரி. வெளியேறும் புகையின் சூட்டையும் மீட்டெடுக்கும் இப்போதைய கண்டென்ஸிங் பாய்லர்களுக்கு 20 டிகிரி வரை போகலாம். பாய்லர் கையேட்டில் எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். வித்தியாசம் குறைவாக இருந்தால் இன்னும் கொஞ்சம் மூடுங்கள், கூடினால் திறங்கள். ஒவ்வொரு திருப்பலுக்கும் பிறகு சில நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரப்படுபவர்கள் தோற்பது இங்கேதான். வரிசைப்படி போனால் ஒவ்வொன்றும் சற்று அதிகமாகத் திறந்திருக்கும். கடைசி ரேடியேட்டர் முழுக்கத் திறந்தே நிற்கும். ஒன்பதுக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

கேள்வி (லெஸ்டர்): மேலேயும் ஓரங்களும் சூடு, கீழே நடுவில் மட்டும் குளிர். பேலன்ஸிங்கா?

பதில்: இல்லை, கசடு. முன்பு சொன்ன கறுப்பு ஆக்சைடு அடியில் படிந்து வழியை அடைத்திருக்கிறது. ஒரே ஒரு ரேடியேட்டர் என்றால் கழற்றிக் கழுவுங்கள். லாக் ஷீல்டை மூடும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள், திரும்ப அதே அளவு திறக்க வேண்டும். டி.ஆர்.வி.யைப் பனிச்சின்னத்தில் வைத்துவிட்டு நம்பாதீர்கள்; அறை மிகவும் குளிர்ந்தால் அது தானாகத் திறக்கும். தலையைக் கழற்றி, வால்வோடு வரும் மூடும் தொப்பியைப் போட்டு இறுக்குங்கள். அடியில் தட்டு வைத்து, ஒரு பக்க நட்டைத் தளர்த்தி, பிறகு மேல் முனையைத் திறந்தால் தண்ணீர் இறங்கும். தூக்க இரண்டு பேர் வேண்டும். ஓட்டைகளைத் துணியால் அடையுங்கள், கார்ப்பெட்டில் அந்தக் கறை போகாது. வெளியே தோட்டக் குழாயால் தெளிந்த நீர் வரும்வரை அடியுங்கள்.

மாட்டிய பின் இன்ஹிபிட்டர் சேர்ப்பது கட்டாயம். ஃபெர்நாக்ஸ் எஃப்1 அல்லது சென்டினல் எக்ஸ்100, அளவு புட்டியில் இருக்கும். பல ரேடியேட்டர்களில் இதே நிலை என்றால் கழுவும் ரசாயனம் விட்டுச் சுத்தம் செய்து, பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த ஃபில்டர் பொருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி (ரெடிங்): பில் குறைய பாய்லர் தண்ணீரை 50 டிகிரியாக்கினேன். இப்போது வீடே மெதுவாகத்தான் சூடாகிறது.

பதில்: கோளாறு எதுவுமில்லை. ரேடியேட்டரின் திறனை, தண்ணீரின் சராசரி வெப்பம் அறையைவிட 50 டிகிரி கூடுதல் என்ற கணக்கில் குறிக்கிறார்கள். உங்கள் தண்ணீர் 50-இல் போய் 40-இல் திரும்பினால், 20 டிகிரி அறையில் அந்த வித்தியாசம் 25தான். வெப்பம் ஏறக்குறைய 40 சதவீதமாகிவிடும். காம்பியில் 60-க்கு ஏற்றிப் பாருங்கள். திரும்பும் தண்ணீர் 55-க்குக் கீழே இருக்கும்வரை கண்டென்ஸிங் பலனும் கிடைக்கும். சுடுதண்ணீர் சிலிண்டர் உள்ள வீட்டில் 65-க்குக் கீழே இறக்காதீர்கள். லெஜியோனெல்லா கிருமி வளராமலிருக்கச் சிலிண்டர் 60 டிகிரியை எட்ட வேண்டும்.

கேள்வி (வெம்ப்ளி): அக்கா துணி காயப்போடும் நாளில் மட்டும் அறை சூடாகவில்லை என்கிறார்.

பதில்: ஈரத்துணி டி.ஆர்.வி.யின் தலையையும் மூடியிருக்கும். உள்ளே தேங்கும் சூட்டை அறையின் சூடென்று எண்ணி அது தண்ணீரை நிறுத்திவிடும். சோபாவும் நீளத் திரைச்சீலையும் இதையே செய்யும்.

கேள்வி (சவுத்ஹால்): வாடகை வீடு. இதையெல்லாம் நானே செய்யலாமா?

பதில்: காற்றை எடுப்பது, டி.ஆர்.வி. ஊசியைத் தளர்த்துவது வரை செய்யலாம். ரேடியேட்டரைக் கழற்றாதீர்கள். இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், குடியிருப்பவர் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி, ஹீட்டிங்கைப் பழுது பார்த்து வைப்பது உரிமையாளர் பொறுப்பு. எந்த அறை, எந்தப் பகுதி குளிர், எத்தனை நிமிடத்தில் சூடாகிறது என்று தேதியோடு எழுத்தில் அனுப்புங்கள்.